விலகினது நானில்லை, ஜவ்வு

வண்டி ஓட்ட யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். நிறுத்தத்தான் மாஸ்டர் வேண்டும். பழக வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்தான் இத்தனை வருஷமாக என் வீட்டுக்குச் சோறு போடுகிறது. எதிரே ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் பழகுகிறவர் "ஐயோ" என்று இரண்டு கையையும் தூக்கிவிடுவார். நான் வலது காலை அழுத்துவேன். வண்டி நிற்கும். அப்புறம் கத்துவேன். கத்துவது பாடத்திட்டத்தில் இல்லை, என் சொந்தச் சேர்க்கை.

கடைசியில் அந்தக் காலிலேயே கோளாறு வந்தது.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா பழக வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார். அது நகர்ந்து நகர்ந்து என் பிரேக்குக்கு அடியில் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அதை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பில் கிளம்பிய வலி பின்தொடை வழியாக இறங்கிக் குதிகாலில் போய் நின்றது. அந்த அம்மா, "மாஸ்டர், ஹேண்ட் பிரேக் போடட்டுமா?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்ததில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

சில வாரங்களில் கால் வலி குறைந்தது, உட்கார்ந்தால் இடுப்பில் மட்டும் குத்தும். சந்தோஷப்பட்டேன், மடையன். வலி போன இடத்தில் மரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் வண்டி நேராக ஒரு ரொட்டி வண்டியை நோக்கிப் போனது. நான் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் தப்பித்தோம். ஓட்டுநர் பள்ளி முதலாளி கூப்பிட்டு, "மாஸ்டர், காலைச் சரி பண்ணிட்டு வண்டியில ஏறுங்க. உங்க மேல அக்கறையில சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க, வண்டி புதுசு" என்றார். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

தெருமுனை டாக்டர் என்னை வலது கால் விரலில் எம்பி நிற்கச் சொன்னார். எம்ப வரவில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜவ்வு விலகியிருக்கு மாஸ்டர். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும். அதோட மேல்பக்கம் கிழிஞ்சு, உள்ள இருக்கிறது வெளிய வந்திருக்கு. டயர் வெடிப்புல ட்யூப் பிதுங்கும் பாருங்க, அதே கதைதான். பிதுங்கினது பக்கத்துல போற நரம்பை நெரிக்குது."

"சரியாயிடுங்களா?"

"நிறையப் பேருக்கு ஓய்வுலயும் பயிற்சியிலயும் தானா சரியாயிடும். ஆனா உங்களுக்குக் கால் பலம் குறைஞ்சுக்கிட்டே வருது. நாளைக் கடத்தினா நரம்பு செத்துடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் கால் திரும்பாது. நல்ல கையாப் பார்த்துக் காட்டுங்க."

"எந்தக் கைங்க நல்ல கை?"

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் என் மச்சான் நுழைந்தான். மனைவியின் தம்பி. ஊரில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் அதற்கு ஒரு இடம் அவனுக்குத் தெரியும். "முதுகு மையத்துக்குப் போங்க அத்தான். மத்த இடத்துல டாக்டர் நம்மளத் தேர்ந்தெடுப்பார். அங்க நாம டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம்" என்றான். முதுகைப் பற்றி அவனிடம் யோசனை கேட்டதே தப்பு. மேலதிகாரி முன்னால் அவன் நிற்பதைப் பார்த்தவர்கள் அவனுக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று நம்ப மாட்டார்கள்.

போனோம், நானும் மனைவியும். கண்ணாடிக் கட்டடம். வாசலில் பெரிய எழுத்தில், "உங்கள் முதுகு. உங்கள் மருத்துவர். உங்கள் தேர்வு." உள்ளே கூடம் நிறைய இரும்பு நாற்காலிகள், ஒன்றோடொன்று பிணைத்து, முதுகில் எண் போட்டு. முதுகு நோயாளிகளுக்காகவே கட்டிய இடத்தில் நாற்காலியின் முதுகைத்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள்.

வழிகாட்டி மேசையில் இருந்த அம்மா சிரித்த முகத்தோடு கேட்டார்.

"யாருங்க பேஷண்ட்?"

"நான்தான்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க. நாற்காலி எண்ணை வெச்சுத்தான் கூப்பிடுவோம்."

"உக்கார முடியலைங்க. உக்காந்தா உயிர் போகுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"புரியுதுங்க. ஆனா நாற்காலியில இருக்கிறவங்கதான் பேஷண்ட். நிக்கிறவங்க கூட வந்தவங்க. இல்லாட்டி நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நொண்டிக்கிட்டு வர்றவனைப் பார்த்தா தெரியாதா?" என்று மனைவி கேட்டாள்.

"அது நோயைத் தெரிஞ்சுக்கிறது மேடம். அது டாக்டர் வேலை. நான் டாக்டர் வேலையில தலையிடறதில்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். "என்னங்க, நான் உக்காந்து வெக்கிறேன். கூப்பிட்டதும் நீங்க போங்க" என்று பதினாலாம் எண் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உடனே ஒரு நர்ஸ் வந்து அவள் மணிக்கட்டில் நோயாளிப் பட்டையைக் கட்டினார். என் சட்டையில் "உடன் வந்தவர்" என்று ஒரு வில்லையைக் குத்தினார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "கூட வந்தவங்க தைரியமா இருக்கணும் சார், நீங்களே இப்படி முகத்தை வெச்சுக்கிட்டா அவங்க என்ன ஆவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் கூப்பிடவில்லை. மறுநாள் போனோம், அதற்கு மறுவாரமும் போனோம். ஒரு தடவை மனைவி கழிவறைக்குப் போக எழுந்தாள். இடம் போய்விடுமே என்று என் தோளிலிருந்த துண்டை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த நேரம் பார்த்து ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் வந்தார். துண்டைப் பார்த்தார், கருவியின் பட்டையை அதைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க பேஷண்ட் ரொம்ப டல்லா இருக்காங்க, சாப்பிட வைங்க" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு அறிகுறியும் இல்லை.

கடைசியில் பதினாலைக் கூப்பிட்டார்கள். டாக்டரிடம் அல்ல, வகுப்புக்கு. இந்த மையத்தில் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் நோயைப் புரிந்துகொள்ளாதவன் எப்படித் தேர்ந்தெடுப்பான்? ஆகவே முதலில் அவன் "அறிந்த நோயாளி" ஆக வேண்டும். விளக்க அலுவலர் என்று ஒரு அம்மா பிளாஸ்டிக் முதுகெலும்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். நான் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றேன். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே நடத்தினார். எது ஓய்வில் சரியாகும், எதற்குக் கத்தி வேண்டும், கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்.

"ஒரு நாள் கூட?" என்று நான் பின்னாலிருந்து கேட்டேன்.

"ஒரு நாள் கூட. கூட வந்தவங்க கேள்வி கேக்கக் கூடாது. அதுக்கு அடுத்த மாசம் தனி வகுப்பு இருக்கு."

பிறகு டாக்டரைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார். இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? எல்லோரும் கோரஸாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் தாளம் தப்பிச் சொன்னதால் அவரை அடுத்த வகுப்புக்கும் உட்கார வைத்தார்கள். பிறகு அலுவலர் என் மனைவியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உங்களுக்கு எந்தக் கால் மரத்துப் போகுது?"

"அவருக்கு வலது காலுங்க."

"அவருக்குன்னா யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"நோயைத் தன்னோடதா ஏத்துக்காம அடுத்தவங்க மேல போடறது முதல் கட்டம். பரவாயில்லை, போகப்போகச் சரியாயிடும்" என்று அவள் தோளைத் தட்டினார். மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி என்று இருந்தது. அத்தனை நாள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. அதை அலுவலரிடம் சொன்னாள். "பார்த்தீங்களா, ஏத்துக்க ஆரம்பிச்சுட்டீங்க" என்று அவர் மகிழ்ந்து போய் அவளை அறிந்த நோயாளி ஆக்கிவிட்டார்.

இனித் தேர்வு. எலும்பு டாக்டர் ஒருவர், நரம்பு டாக்டர் ஒருவர். யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். மறுபடியும் வழிகாட்டி அம்மாவிடம் போய் நின்றேன்.

"இதுக்கு ரெண்டு பேர்ல யாருங்க நல்லவர்?"

"நாங்க சொன்னா அது எங்க தேர்வாயிடும் சார். உங்க உரிமையில கை வெச்ச மாதிரி ஆயிடும்."

"சரி, உங்க வீட்ல யாருக்காவது வந்தா யார்கிட்ட போவீங்க?"

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நாங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம் சார்" என்றார். அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே மருத்துவ ஆலோசனை அதுதான். அன்றே கிளம்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அத்தனை நாள் உட்கார்ந்து பிடித்த இடத்தை விட்டுவிட மனசு வரவில்லை. மனைவி உட்கார்ந்து பிடித்த இடம், அதனால் இன்னும் வரவில்லை.

எலும்பு டாக்டர் ஆஜானுபாகுவானவர். ஸ்கேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அருமையான எலும்பு! இந்த வயசுல இப்படிப் பார்க்கிறது அபூர்வம். வாழ்த்துகள்மா."

"ஸ்கேன் அவரோடதுங்க" என்றாள் மனைவி.

"அப்ப அவருக்கும் வாழ்த்துகள்."

"டாக்டர், ஜவ்வு..." என்று இழுத்தேன்.

"வரேன். ஜவ்வு எங்க இருக்கணும்? எலும்புக்கு நடுவுல. அங்க இருந்த வரைக்கும் அது என் பொறுப்பு. அது ஒழுங்கா இருந்த நாள்ல நீங்க வந்திருந்தா தாராளமாப் பார்த்திருப்பேன். இப்ப அது இடத்தை விட்டு எழுந்து போய் நரம்பு மேல படுத்திருக்கு. ஓடிப்போனதுக்கு நான் எப்படி ஜவாப் சொல்ல முடியும்? நரம்பு டாக்டரைப் பாருங்க."

வகுப்பில் கற்றது ஞாபகம் வந்தது. "இதை நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டர்?"

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "நல்ல கேள்வி! வகுப்புல சொல்லிக் குடுத்தாங்களா? அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான்."

"பதிலுங்க?"

"பதில் எழுதச் சொல்லி என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார்.

நரம்பு டாக்டர் ஒல்லியாக, யாரோ அப்போதுதான் அவரிடம் சண்டை போட்டுவிட்டுப் போனது போல உட்கார்ந்திருந்தார்.

"போய் இடிச்சது யாரு?"

"ஜவ்வுங்க."

"இடி வாங்கினது?"

"நரம்பு."

"அப்ப யாரை விசாரிக்கணும்? நரம்பு அது பாட்டுக்கு அது வழியில போயிட்டிருந்தது. அடிபட்டவனைக் கூப்பிட்டு வெச்சு நீ ஏன் அடிபட்டேன்னு கேக்கறீங்க. இது எந்த ஊர் நியாயம்? எலும்பு டாக்டர்கிட்ட போய், உங்க ஆளை அடக்கி வைங்கன்னு சொல்லுங்க."

இந்த நியாயம் எனக்குப் புதிதில்லை. சாலையில் இரண்டு காவல் நிலையங்களின் எல்லையில் விபத்து நடந்தால் இப்படித்தான். இவர் வந்து அளந்து பார்த்து உங்கள் பக்கம் என்பார். அவர் வந்து அளந்து பார்த்து உங்கள் பக்கம் என்பார். அடிபட்டவன் நடுவில் கிடப்பான். இங்கே நடுவில் கிடந்தது என் கால். குதிகாலோடு நின்றிருந்த மரப்பு அந்த ஒரு மாதத்தில் பாதத்தின் வெளி ஓரம் முழுக்கப் பரவியிருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு விரலில் எம்பிப் பார்ப்பேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி, "வந்துதா?" என்பாள். "கொஞ்சம் வந்த மாதிரி இருக்கு" என்பேன். வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ பேருக்குப் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்தவன், ராத்திரியில் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எங்களைப் போல இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் அலைகிறவர்களுக்காக ஒரு இணைப்புக் கூட்டம் உண்டாம். மச்சான் யாரையோ பிடித்து அதில் எங்களுக்கு இடம் வாங்கிக்கொடுத்தான். நீள மேசை. ஒரு ஓரத்தில் எலும்பு டாக்டர், மறு ஓரத்தில் நரம்பு டாக்டர், நடுவில் மையத்தின் இயக்குநர். மனைவியை எதிரே உட்கார வைத்தார்கள். நான் அவள் பின்னால் நின்றேன், படம் எடுக்க நிற்கிற மாதிரி.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க மையத்துல இதுவரைக்கும் ஒரு ஆபரேஷன் கூட தோத்ததில்ல. ஏன்? முடிவெடுக்கிறதுல நாங்க அவ்வளவு நிதானம். அவசரப்பட்டு யார் மேலயும் கத்தி வெக்க மாட்டோம். நிதானமாவும் வெச்சதில்ல. முதுகு நோய்ல பெரும்பாலானது ஓய்வுலயே சரியாயிடும்னு விஞ்ஞானம் சொல்லுது. அந்த ஓய்வை நாங்க இங்கயே, கூடத்துலயே குடுக்கிறோம். வெளியில இதைக் காத்திருக்க வெக்கிறாங்கன்னு கேவலமாப் பேசறாங்க. அது காத்திருப்பு இல்ல. அதுதான் சிகிச்சை!"

இரண்டு டாக்டர்களும் கை தட்டினார்கள். அதில் மட்டும் எல்லைப் பிரச்சினை இல்லை.

"சரியாகாதவங்களுக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சரியாகாதவங்க சாதாரணமா திரும்ப வர்றதில்லம்மா. அதனால எங்க கணக்குல எல்லாருக்கும் சரியாயிடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. ரொட்டி வண்டியை நோக்கிப் போகிறவனிடம் கத்துவது போலவே கத்திவிட்டேன். "என் கால் செத்துக்கிட்டிருக்குங்க! ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பிரேக் போடுங்கய்யா!"

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா? கூட வந்தவருக்கே எவ்வளவு வேதனை! தன்னோட கால் மாதிரியே நினைச்சுப் பேசறார். இந்த மாதிரிக் குடும்பம் இருக்கிற நோயாளிக்கு நாம எதையும் செய்யணும்." அவர் இரண்டு பக்கமும் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணிடுங்க. எலும்பு வரைக்கும் இவர், அதுக்கு மேல அவர். இன்னிக்கே."

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர், "கீழ பதிவு மேசையில போய், ஜவ்வு விலகல், பதினாலாம் நாற்காலி, உடனேன்னு சொல்லுங்க. டாக்டருங்க பின்னாடியே வருவாங்க" என்றார். கூடம் நெடுக ஓடினோம். ஓடினோம் என்றால் மனைவி ஓடினாள், நான் வலது காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நொண்டியதே இல்லை.

பதிவு மேசை ஆள் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுங்க."

"பதினாலாம் நாற்காலி. ஜவ்வு விலகல்" என்றேன் மூச்சு வாங்க.

"விலகல்" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். கணினி ஒரு சத்தம் போட்டது. "ஆச்சு. வலது பக்கம் விலகல் வாசல். பட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"ஆபரேஷன் எங்கங்க?"

"விலகிட்டீங்களே, அப்புறம் என்ன ஆபரேஷன்?"

"யாரு விலகினா?"

"நீங்கதானே இப்ப சொன்னீங்க, விலகல்னு? சிகிச்சை வேணாம்னு போறவங்களை இங்க விலகல்னுதான் போடுவோம்."

"ஐயா, நான் விலகலைங்க. ஜவ்வு விலகிச்சு."

"ஜவ்வு யாரோடது?"

"என்னோடது."

"அப்ப நீங்கதானே?"

எலும்பு டாக்டர் தன்னுடையதில்லை என்றார், நரம்பு டாக்டர் தன்னுடையதில்லை என்றார். அந்தக் கட்டடத்தில் அந்த ஜவ்வுக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவர்தான். மனைவி மேசையைத் தட்டி, "மேல இருக்கிற பெரியவரே சொல்லியிருக்கார், போன் போட்டுக் கேளுங்க" என்றாள்.

"கேக்கலாம் மேடம். ஆனா விலகினவங்க சார்பா நான் எப்படிக் கேக்க முடியும்? திரும்பச் சேரணும்னா ஏன் விலகினீங்கன்னு காரணம் சொல்லணும். அதை விலகல் குழு பார்த்து முடிவு பண்ணும்."

"குழு எப்ப கூடும்?"

"அதுல இருந்தவங்க விலகிட்டாங்க" என்றார்.

வலது பக்க வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு ரோஜாப் பூ கொடுத்தார். தன் உரிமையைப் பயன்படுத்தித் தானே முடிவெடுத்த அறிந்த நோயாளிகளுக்கு மையத்தின் மரியாதையாம். கண்ணாடிக் கதவு எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உச்சி வெயில். தார் ரோடு பளபளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நானும் அவளும் ரோஜாவும் கையுமாக நின்றோம், புதுசாக மாலை மாற்றிக்கொண்டவர்கள் மாதிரி.

மனைவி திடீரென்று கீழே பார்த்தாள்.

"என்னங்க, உங்க வலது செருப்பு எங்க?"

பார்த்தேன். வலது கால் வெறுங்காலாகத் தாரில் நின்றுகொண்டிருந்தது. எப்போது கழன்றதென்று தெரியவில்லை. கூடத்தில் ஓடியபோதாகத்தான் இருக்கும். கழன்றதும் தெரியவில்லை, சுடுவதும் தெரியவில்லை. இடது காலில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறுகிறது. வலது கால் யார் வீட்டுக் காலோ போல நின்றது. அவள் குனிந்து என் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாதம் சிவந்து கன்றியிருந்தது. "சுடலையா? நிஜமாவே சுடலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை தடவை கேட்டாலும் என்னிடம் வேறு பதில் இல்லை. அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்காரக்கூட என்னால் முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, செருப்பையாவது வாங்கி வரலாம் என்று கதவருகே போனேன். காவலாளி மறித்தார்.

"விலகினவங்க உள்ள போக முடியாதுங்க."

"செருப்பு உள்ள இருக்குங்க, ஒத்தைச் செருப்பு."

"அதுவா? அங்க பாருங்க" என்று கண்ணாடி வழியாகக் காட்டினார்.

கூட்டிப் பெருக்குகிறவர் எடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் நாற்காலி என்று தெரிந்து அதிலேயே வைத்திருந்தார், பாவம், நல்ல எண்ணத்தில். பதினாலாம் எண் நாற்காலியில் என் வலது செருப்பு தனியாக உட்கார்ந்திருந்தது. யாரோ வெளியே வரக் கதவு திறந்தது. ஒலிபெருக்கி, "நாற்காலி பதினாலு, உடனே" என்று கூப்பிட்டது. சொன்ன சொல் தவறாமல் எலும்பு டாக்டரும் நரம்பு டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்கள்.

"இது விலகலா?" என்றார் நரம்பு டாக்டர்.

"இல்ல இல்ல. கழண்டிருக்கு."

"கழண்டதுன்னா உங்க எல்லை."

"சந்தேகமே இல்ல, என் எல்லைதான்" என்றார் எலும்பு டாக்டர் பெருமையாக. தள்ளுவண்டி வந்தது. ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம் பிடித்து, அதைக் குலுங்காமல் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அவ்வளவு பதமான கைகளை நான் பார்த்ததில்லை. தெருமுனை டாக்டர் சொன்ன நல்ல கை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மனைவி எழுந்து வந்து என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைக் கேட்டு வாங்குங்க, போகலாம்" என்றாள்.

"அது பேஷண்ட் ஆயிடுச்சு. நாம கூட வந்தவங்க" என்றேன்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தேன். எந்தக் காலில் செருப்பு இருக்கிறது, எந்தக் காலில் இல்லை என்பதை வழியெல்லாம் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.